வேகத்தின் கடைசிப் பங்குதான் சார்ஜைத் தின்கிறது

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பெங்களூரு கம்பெனி ஒன்றில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி ஆபீஸ் போகிறேன், மற்ற நாள் வீட்டில்தான் வேலை. லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இன்டெல் ஐ5 12450எச். சார்ஜ் இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை. காலையில் கரண்ட் நிறுத்தினால் 11 மணிக்கே படுத்துவிடுகிறது. நண்பர் சொன்னார் என்று பிராசசர் வேகத்தை 50 சதவீதத்துக்குக் குறைத்தேன். மெஷின் தவழ்கிறது, சார்ஜும் பெரிதாகக் கூடவில்லை. வேகம் வேண்டுமென்றால் சார்ஜை மறந்துவிட வேண்டியதுதானா?"

மறக்க வேண்டாம் தம்பி. தர்மபுரியில் பதினைந்து வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். வேகத்தைக் குறைத்தால் சார்ஜ் நிற்கும் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது. அந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகப் புரியும்.

பிராசசர் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று அதன் வேகம், அதாவது கிகாஹெர்ட்ஸ். இன்னொன்று அதற்குக் கொடுக்கும் வோல்டேஜ். வேகம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. வோல்டேஜ் அப்படியில்லை, அது இருமடியாக ஏறும்: வோல்டேஜ் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்கு. சிக்கல் என்னவென்றால் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க முடியாது. வேகத்தைக் கூட்டினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இன்னும் குறைந்த நேரத்தில் மாறியாக வேண்டும், அதற்கு வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். அதனால்தான் உச்சத்தை நெருங்க நெருங்க, கிடைக்கும் வேகம் கொஞ்சமாகவும் கொடுக்கும் சார்ஜ் நிறையவும் ஆகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே இன்டெல் தன் மொபைல் பென்டியம் 3 பிராசசரில் ஸ்பீட்ஸ்டெப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. சார்ஜர் மாட்டியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். கழற்றிவிட்டால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகத்தில் விட்டது 23 சதவீதம். மின்செலவில் மிச்சமானது ஏறக்குறைய 45 சதவீதம். இருபத்தைந்து வருடத்தில் சிப் எவ்வளவோ மாறிவிட்டது, இந்தக் கணக்கின் சாரம் மாறவில்லை.

சரி, அப்படியென்றால் 50 சதவீதம் வைத்த உங்களுக்கு ஏன் சார்ஜ் கூடவில்லை? ஒரு சின்னக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, உங்கள் சிப்பில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஒரு பில்ட் ஓட்டுகிறீர்கள், அதாவது எழுதிய புரோகிராமை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறீர்கள். 4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் தேவை, பிராசசர் 27 வாட் இழுக்கிறது, வேலை 60 நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே 2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 0.8 வோல்ட் போதும், 6 வாட்தான் இழுக்கும், ஆனால் 120 நொடி ஆகும். வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல். முதல் வழியில் பிராசசர் 1,620 ஜூல் தின்றது, இரண்டாவது வழியில் 720 ஜூல். இன்னும் இறக்கி 1 கிகாஹெர்ட்ஸுக்குப் போவோம். இங்கே ஒரு தடை வருகிறது: வோல்டேஜ் ஓரளவுக்குக் கீழே இறங்காது. 0.7 வோல்ட்டில் நின்றுவிட்டது என்று வைத்தால் 2.3 வாட், 240 நொடி, சுமார் 550 ஜூல். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வேகத்தில் பாதியை விட்டோம், பிராசசர் கணக்கில் மிச்சமானது 170 ஜூல் மட்டும்.

அந்த 240 நொடியும் ஸ்க்ரீன் எரிந்துகொண்டிருக்கிறது, ரேமும் வைஃபையும் எஸ்எஸ்டியும் விழித்திருக்கின்றன. அவற்றுக்கு 5 வாட் என்று போட்டால் மூன்று வழிகளிலும் முறையே 300, 600, 1,200 ஜூல் சேரும். மொத்தம் 4 கிகாஹெர்ட்ஸில் 1,920, 2 கிகாஹெர்ட்ஸில் 1,320, 1 கிகாஹெர்ட்ஸில் 1,750. நடுவில் இருப்பதுதான் குறைவு! நீங்கள் வைத்த 50 சதவீதம் உங்களை இந்த மூன்றாவது வழிக்குத் தள்ளியிருக்கிறது. பைக்கில் ஓசூர் ரோட்டில் 90-ல் முறுக்கினாலும் மைலேஜ் போகும், முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனாலும் போகும். 45, 50-ல் டாப் கியரில் போகிறவருக்குத்தான் ஒரு லிட்டர் நிறைய தூரம் வரும். அதே கதைதான்.

இப்போது உங்கள் பிராசசர். 12450எச் என்பதில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். எச் வகை அதிக வேகத்துக்காகச் செய்தது, சார்ஜ் சிக்கனம் அதன் முதல் நோக்கம் இல்லை. அதன் அடிப்படை மின்அளவு 45 வாட், டர்போவில், அதாவது வேலை கனக்கும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டித் தானாக ஏறும் நிலையில், 95 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. உங்கள் பேட்டரி 50 வாட்-ஹவர் என்றால், அதாவது 50 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு என்றால், 95 வாட்டில் தொடர்ந்து இழுக்க அரை மணி நேரத்துக்குத்தான் வரும். எப்போதும் அப்படி இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பில்டுக்கும், ஒவ்வொரு கனமான வெப் பக்கத்துக்கும் அது மேலே பாய்ந்து பாய்ந்து இறங்குகிறது. பல லேப்டாப்களில் விசிறி சத்தம் போடுவது அந்தப் பாய்ச்சலின்போதுதான்.

செய்ய வேண்டியது இது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மேம்பட்ட அமைப்புகளில் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதைத் திறங்கள். அதில் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும், உங்கள் 50 உட்கார்ந்திருப்பது அங்கேதான். பேட்டரியில் ஓடும்போது என்ற வரியில் மட்டும் அதை 99 ஆக்குங்கள். சார்ஜரில் ஓடும்போது 100 அப்படியே இருக்கட்டும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 99 என்று வைத்த உடனே டர்போ மொத்தமாக அணைந்துவிடும், பிராசசர் அதன் அடிப்படை வேகத்தோடு நின்றுகொள்ளும். கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு. உங்கள் சிப்பின் பெரிய கோர்களுக்கு அந்த வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். எட்டு கோர் இருக்கிறது, புரோகிராம் கோடு எழுத, லாக் பார்க்க, மீட்டிங்கில் பேச அது தாராளமாகப் போதும். பில்ட் நேரம் கூடும். அதைத் தாங்க முடியாத நாளில் பெரிய பில்டைச் சார்ஜர் இருக்கும்போது ஓட்டுங்கள், இல்லையென்றால் ஆபீஸ் சர்வரில் ஓட்டிவிட்டு முடிவை மட்டும் இங்கே பாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து முழு பில்ட் ஓட்டுவது எந்த லேப்டாப்புக்கும் நல்ல பழக்கம் இல்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 99 வித்தை எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. 1235யு மாதிரியான பிராசசரில் பெரிய கோர்களின் அடிப்படை வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ்தான். டர்போவை அணைத்தால் மெஷின் சோர்ந்துவிடும். அவர்கள் இதைத் தொடாமல், விண்டோஸ் 11-இல் பவர் அண்ட் பேட்டரி பக்கத்தில் உள்ள பவர் மோடை மின்சிக்கனத்துக்கு மாற்றினால் போதும். அது டர்போவை அணைக்காது, தேவையில்லாமல் பாய்வதை மட்டும் குறைக்கும். சில லேப்டாப்களில் அந்த 99 வரியே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கும் இதே வழிதான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டிஎல்பி என்ற நிரலை நிறுவி, பேட்டரியில் பூஸ்ட் (டர்போவுக்கு அங்கே அந்தப் பெயர்) வேண்டாம் என்று ஒரு வரி மாற்றினால் ஆயிற்று. பவர்டாப் என்று இன்னொன்று இருக்கிறது, இந்த நொடியில் எத்தனை வாட் போகிறது என்று காட்டும்.

பிராசசர் கதை இவ்வளவுதான். ஆனால் பிராசசர் மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். கோடு தட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் பிராசசர் பெரும்பாலும் தூங்குகிறது. தூங்குகிறவரை இன்னும் மெதுவாகத் தூங்கு என்று சொல்லி என்ன பயன்? அந்த நேரத்தில் சார்ஜ் போவது வேறு வழியில்.

முதல் ஆள் ஸ்க்ரீன். 15 அங்குல ஸ்க்ரீன் வெளிச்சத்தைப் பொறுத்துச் சுமார் 2 வாட்டிலிருந்து 5 வாட் வரை இழுக்கும். 50 வாட்-ஹவர் பேட்டரியில் மொத்தச் செலவு 10 வாட் என்றால் 5 மணி நேரம், 7 வாட் என்றால் 7 மணி நேரம். வெளிச்சத்தைப் பாதியாக்கினால் கிடைப்பது அற்பமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் விழுந்தால் வெளிச்சத்தை முழுக்க ஏற்றாமல் எழுத்தே தெரியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் போகும் பாதை ஏறக்குறைய வடமேற்காகப் போகிறது. அதனால் காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வெயில் பெரும்பாலும் வலப்பக்கம் பின்னாலிருந்துதான் வரும். இடப்பக்கம் உட்காருங்கள், இது காசில்லாமல் கிடைக்கும் சார்ஜ்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. எச் வகை லேப்டாப் நிறையவற்றில் என்விடியா கார்டு தனியாக இருக்கும். வேலை இல்லாதபோது அது முழுக்க அணைந்துவிட வேண்டும். ஏதாவது ஒரு மென்பொருள் அதைத் தட்டி எழுப்பிவிட்டால், ஒரு வேலையும் செய்யாமலே சும்மா சில வாட்டைத் தின்றுகொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். பிரவுசரோ வேறு எதுவோ அதைப் பிடித்துவைத்திருந்தால், டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் பகுதியில் அந்த மென்பொருளுக்கு, பிராசசரோடு சேர்ந்தே வரும் மின்சிக்கனக் கிராபிக்ஸை ஒதுக்கிவிடுங்கள். டெவலப்பர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று: மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் கன்டெய்னர் எனப்படும் அந்தப் பெட்டிகள் நான்கைந்து யாரும் கேட்காமல் விழித்திருக்கும். ஐடிஇ, அதாவது புரோகிராம் எழுதும் மென்பொருள், புதிய கோடு வந்த உடனே தேடுவதற்கான பட்டியலாக இன்டெக்ஸ் போட ஆரம்பிக்கும். பஸ் ஏறும் முன் சர்வரிலிருந்து புதிய புரோகிராம் கோடு முழுவதையும் இறக்கி வைத்து, இன்டெக்ஸை வீட்டுச் சார்ஜரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் ஒன்று, மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இப்போதைய விண்டோஸ் மெஷின்கள் மூடியதும் முழுதாகத் தூங்குவதில்லை, போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் 100 சதவீதம் பார்த்து மூடியது, பஸ்ஸில் திறக்கும்போது 85 காட்டுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இனி உங்கள் பேட்டரியையே பார்ப்போம். மூன்று வருடம் ஆன பேட்டரிக்கு முதலில் இருந்த கொள்ளளவு இருக்காது. எவ்வளவு மிச்சம் என்பதை விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டித் தட்டுங்கள். ஓர் இடம் விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ஒரு அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள். முதலாவது பிறந்தபோது இருந்தது, இரண்டாவது இன்றைக்கு இருப்பது. 50,000 மில்லிவாட்-ஹவர், அதாவது 50 வாட்-ஹவர், என்பது 30,000 ஆகியிருந்தால், பிராசசரை எப்படி மாற்றினாலும் பாதிக்குச் சற்று மேலான பெட்ரோல் டேங்கோடுதான் ஓடுகிறீர்கள். நான் பார்த்தவரை இங்கே வரும் "சார்ஜ் நிற்கவில்லை" புகார்களில் பலவற்றுக்கு இதுதான் பதில்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. முதலாவது வெயில். லித்தியம்-அயன் பேட்டரி சூட்டில் வேகமாக வயதாகும், அதிலும் 100 சதவீதம் நிரம்பிய நிலையில் சூட்டில் இருப்பது அதற்கு மிகவும் கெடுதல். ஏப்ரல், மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நாள் முழுக்கச் சார்ஜரை மாட்டியே வைத்திருந்த லேப்டாப்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன, பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு. அப்படித் தூக்கியிருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள், அழுத்திப் பார்க்கவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம். வீட்டில் இருக்கும் நாட்களில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள். லேப்டாப் கம்பெனி கொடுத்த செயலியிலோ, மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலோ அந்த வசதி பெரும்பாலும் இருக்கும். பஸ் பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100 ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது தூசு. கிரானைட் வேலை நடக்கும் பக்கம் இருந்து வரும் மெஷின்களைத் திறந்தால் விசிறிக்குள் மாவு மாதிரி படிந்திருக்கும். காற்று போகாவிட்டால் பிராசசர் சூடாகும். சூடான சிப்பில் கசிவு மின்சாரம் கூடும், அதாவது அதே வேலைக்குக் கூடுதல் வாட். விசிறியும் நிற்காமல் சுற்றும். கடைசியில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். வேகமும் போய், சார்ஜும் போய் நிற்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது வீண்செலவு இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்திவிட்டு மாலையில்தான் கரண்ட் கொடுக்கும் நாளுக்கு, இவ்வளவும் செய்த பிறகுகூட உங்கள் எச் வகை மெஷின் தனியாகத் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் லேப்டாப்புக்கு அதிலிருந்து ஒரு பிளக் போதும். இல்லையென்றால், லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கும் என்றால் அதற்குத் தேவையான வாட் கொடுக்கும் 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று நல்ல துணை. அதன் கொள்ளளவு 74 வாட்-ஹவர், மாற்றும்போது வீணாவது போக மிச்சமே உங்கள் பேட்டரியை ஒருமுறை நிரப்பும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 20 வாட் போன் பவர்பேங்கை வாங்கிவிடாதீர்கள். ஃபைபர் ரவுட்டரை மறந்துவிட வேண்டாம். லேப்டாப் நின்றாலும் ரவுட்டர் அணைந்தால் வேலை நின்றுவிடும். 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. போன் ஹாட்ஸ்பாட் போதும் என்றால் போனை டவர் நன்றாக எடுக்கும் இடத்தில் வையுங்கள், சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் பேட்டரி சீக்கிரம் காலியாகும்.

அடுத்த லேப்டாப் எப்போது வாங்கினாலும், கடையில் கிகாஹெர்ட்ஸை முதலில் பார்க்காதீர்கள். அந்தப் பெரிய எண் டர்போவின் உச்சம், சில நொடிகளுக்கு மட்டும் தொடுவது. முதலில் பேட்டரி எத்தனை வாட்-ஹவர் என்று கேளுங்கள். நிறையப் பேர் கேட்பதில்லை, விற்பவரும் தானாகச் சொல்வதில்லை. 40-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது. விமானத்தில் கையோடு தனி அனுமதியில்லாமல் கொண்டுபோக 100 வாட்-ஹவர்தான் வரம்பு, அதனால் அதற்கு மேல் லேப்டாப்பில் அநேகமாகப் பார்க்க மாட்டீர்கள். அதன் பிறகு பிராசசரின் கடைசி எழுத்து. பஸ்ஸும் கரண்ட் கட்டும் உள்ள வாழ்க்கைக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடச் செய்த யு வகை போதும். 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையின் அடிப்படை அளவு பெரும்பாலும் 17 வாட்தான், ஆனால் ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே 32 ஜிபி பார்த்து வாங்குங்கள். ஆப்பிள் 2020 நவம்பரில் கொடுத்த எம்1 ஏர் 49.9 வாட்-ஹவர் பேட்டரியில், விசிறியே இல்லாமல் நாள் முழுக்க ஓடியதைப் பார்த்த பிறகுதான், வேகமும் சார்ஜும் எதிரிகள் இல்லை என்று நானே முழுதாக நம்பினேன்.

இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம். இன்று இரவு அந்த 50-ஐ 99 ஆக்கிவிட்டு, பேட்டரி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பழைய பேட்டரியின் முதுகில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இதே மாடல்தான் என்று வாயால் சொல்லிக் கொடுப்பதை வாங்காதீர்கள், ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான பேட்டரி வருவது உண்டு.